பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடம்: எங்கிருந்து தொடங்குவது?

காங்கேயம், தாராபுரம், பெருந்துறை, கோபி என்று எந்தப் பக்கம் போனாலும் ஊருக்கு ஊர் ஒரு சமுதாயக் கூடம் கண்ணில் படும். முன்னால் நாலு தூண், சுவரில் திறப்பு விழாக் கல்வெட்டு, ஷட்டரில் துருப்பிடித்த பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் யாரோ போட்டு வைத்த மக்காச்சோள மூட்டை, கால் உடைந்த நாற்காலி, போன தேர்தலில் மிஞ்சிய தட்டி. இதைச் சரிசெய்யலாம் என்று ஊரில் பேச்சு எழுந்தால் முதலில் நடப்பது பெயின்ட் அடிப்பு. அடுத்தது ஒரு விழா. இரண்டு வருடத்தில் மறுபடியும் பூட்டு.

பெயின்ட் கடைசி வேலை. கட்டடம் பழுதாகி எந்தக் கூடமும் மூடுவதில்லை. மூடிய பிறகுதான் பழுதாகிறது. மூடுவதற்குக் காரணம், வாங்குகிற வாடகை கூடத்துக்குத் திரும்பி வருவதில்லை, விசேஷம் முடிந்த மறுநாள் கழிப்பறை கழுவ ஆள் இருப்பதில்லை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஓட்டைக்கு சிமென்ட் பூசுவது வீண் செலவு.

முதலில் காகிதம்

சுவரில் இருக்கிற கல்வெட்டை எழுத்து விடாமல் படியுங்கள். எம்.பி. நிதியா, எம்.எல்.ஏ. நிதியா, நமக்கு நாமே திட்டமா, எந்த வருடம், மதிப்பீடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்தில், சொத்துப் பதிவேட்டில் இந்தக் கட்டடம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாத கட்டடத்துக்கு ஊராட்சி செலவு செய்தால் தணிக்கையில் ஆட்சேபணை வரும். அதனால்தான் ஊராட்சி செயலர் பிடிகொடுக்காமலே பேசுவார். அதோடு கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டு, இடம் நத்தமா புறம்போக்கா கோயில் நிலமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை வழியாகத்தான் எதுவும் நகரும்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு உண்டு. கொங்கு மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. நாற்காலியில் இருப்பது தலைவரோ தனி அலுவலரோ, தீர்மானப் புத்தகத்தில் ஏறியது மட்டும்தான் அடுத்து வருபவரையும் கட்டுப்படுத்தும். 'சமுதாயக் கூடத்தைச் சீரமைக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் அது தீர்மானமாகாது, ஆசையாகத்தான் நிற்கும். கூடத்தைப் பராமரிக்கப் போவது யார், வாடகை எவ்வளவு, அதில் எவ்வளவு பராமரிப்புக்கு ஒதுக்கப்படும், கணக்கு எப்போது வாசிக்கப்படும் என்று நாலு விஷயமும் வரிவரியாக இருக்க வேண்டும். நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

பணம் கேட்கும்போது வேலையைப் பிரித்துக் கேட்பது நல்லது. 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிக்கொடுத்த பணம். இப்படித் தலைப்புக் கட்டி வருகிற பணத்தைக் கூரைக்குக் கேட்டால் கிடைக்காது. கழிப்பறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தனி மதிப்பீடு போட்டுக் கேட்டால் வழி பிறக்கும். நமக்கு நாமே திட்டத்தில் ஊரார் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று. மூன்று லட்சம் வேலைக்கு ஒரு லட்சம் திரட்டினால் போதும். நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி போடுகிற ஊருக்கு அது பெரிய தொகை அல்ல.

வாடகைக் கணக்கு

ஊராட்சி வசூலிக்கும் வாடகை ஊராட்சியின் பொது நிதிக்குப் போகும். அங்கிருந்து தெருவிளக்கு, மோட்டார் காயில் கட்டுவது, சம்பளம் என்று கரைந்துவிடும். கூடத்தில் ஒரு குழாய் உடைந்தால் இருநூறு ரூபாய்க்கு மூன்று மாதம் நடக்க வேண்டும். ஆகவே, வாடகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று தீர்மானத்திலேயே ஒதுக்கி, அந்தப் பராமரிப்பை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிடம் ஒப்படைப்பது நல்லது. அவர்களிடம் ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருக்கிறது, பதிவேடு எழுதிப் பழக்கம் இருக்கிறது, மாதக் கூட்டம் இருக்கிறது. புதிதாக ஒரு கமிட்டி போட்டால் அது முதல் நோம்பியிலேயே இரண்டாக உடையும்.

ஒரு மாதிரிக் கணக்கு: கூடத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 3,000, மின்கட்டணம் சராசரியாக 1,000, பினாயில், சீமாறு, பல்பு 500, பெரிய பழுதுக்கு எடுத்து வைப்பது 2,500. ஆக மாதம் 7,000, வருடம் 84,000. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் படுத்துவிடும். மிச்சம் ஒன்பது மாதத்தில் மாதத்துக்கு மூன்று விசேஷம் என்றால் 27, ஒன்று கூட வந்தால் 28. ஒரு விசேஷத்துக்கு 3,000 வாங்கினால் கூடம் தன் காலில் நிற்கும். இதற்குக் கீழே வாடகை வைப்பது தாராளம் போலத் தெரியும். கூடம் மூடுவது அங்கேதான் தொடங்குகிறது.

சுத்தம் செய்யும் கூலியை வாடகையில் சேர்க்காமல் தனியாக, முன்கூட்டியே வாங்க வேண்டும். 'நாங்களே கழுவிக் கொடுத்துடறோமுங்க' என்ற வாக்கை நம்ப வேண்டாம். பந்தி முடிந்து ஒரம்பரை (உறவினர்) எல்லாம் வண்டி ஏறிய பிறகு, விசேஷ வீட்டார் நிற்கும் நிலையிலா இருப்பார்கள்? ஊராட்சித் தூய்மைக் காவலரைக் கூப்பிட்டுச் சும்மா கழுவச் சொல்வதும் கூடாது. அது அவருடைய வேலை அல்ல. கூலி கொடுத்து, அவருக்கு விருப்பமிருந்தால் மட்டும். முன்பணமும் வாங்குங்கள், வாடகைக்குச் சமமாக. நாற்காலி, அண்டா, போசி, கரண்டி எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிய பிறகே முன்பணம் திரும்பும்.

கல்யாணத்துக்குத் தனியார் மண்டபங்களோடு போட்டி போடாதீர்கள். கூடம் தோற்றுவிடும். காதுகுத்து, உப்புச்சர்க்கரை (கல்யாணம் உறுதி செய்யும் சடங்கு), வளைகாப்பு, சீர், அறுபதாம் கல்யாணம் என நூறிலிருந்து முந்நூறு பேர் வரும் காரியங்கள்தாம் கூடத்தின் பிழைப்பு. கருமாதி விருந்துக்குத் தரலாமா என்ற கேள்வி எல்லா ஊரிலும் வரும். தரலாம் என்று முதல் நாளே எழுதி வைத்துவிடுவது நல்லது. ஒருவருக்கு மறுத்து இன்னொருவருக்குத் தந்தால் அது காலத்துக்கும் பகையாகும்.

வாடகைப் பட்டியல் சுவரில் பெயின்டில் எழுதியிருக்க வேண்டும், பதிவு வரிசை எண் போட்ட பதிவேட்டில் இருக்க வேண்டும். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஊருக்குள் இருக்கும் கூடம் காலனிக்காரர்களுக்குக் கிடைக்காமல் போகும் விதம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். யாரும் 'தர மாட்டோம்' என்று சொல்வதில்லை, 'அன்னைக்கு வேற ஒருத்தர் கேட்டிருக்காங்க' என்று சொல்வார்கள். பதிவேடு இருந்தால் அந்தப் பேச்சு நிற்காது. அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடத்தைத் தீண்டாமை காரணமாக மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாவி ஒன்று கூட்டமைப்பிடமும் மற்றொன்று ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும். எந்த வீட்டுத் திண்ணை ஆணியிலும் தொங்க வேண்டாம். பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில் பக்கம் குடியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் இடம் தேடுகிறார்கள். அவர்களுக்கும் அதே வாடகைதான்.

தண்ணீரும் கழிப்பறையும்

இதுதான் மெத்த முக்கியம். மூன்று பெண்கள் ஒருமுறை உள்ளே போய்விட்டு முகம் சுளித்து வந்தால், அந்தக் கூடத்துக்கு அடுத்த முகூர்த்தம் கிடையாது.

அரங்குகளில் இருக்கை ஒன்றுக்கு 15 லிட்டர் என்பது கட்டட விதி சொல்லும் கணக்கு. முந்நூறு பேருக்கு 4,500 லிட்டர். சமையலும் பாத்திரம் கழுவுவதும் அதற்கு மேல். பல கூடங்களில் கூரை மேல் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று மட்டும் நிற்கிறது. காலைப் பந்தியிலேயே அது காலி. தரையில் பத்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, மேலே இரண்டாயிரம் லிட்டர் தொட்டி இரண்டு இருந்தால் ஒரு நாள் ஓட்டலாம். ஆத்துத்தண்ணியும் உப்புத்தண்ணியும் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. கூட்டுக் குடிநீர் தினமும் வராது. அது சமையலுக்கும் குடிக்கவும். கழிப்பறைக்குப் போர்த் தண்ணீர். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு படியும் வேகத்துக்கு ஃபிளஷ் தொட்டி ஒரு வருடம் தாங்காது, உள்ளே மிதவை இறுகிவிடும். ஒன்றரை அடி உயரத்தில் குழாயும் வாளியும்தான் சரி. குழாய் பித்தளையாக இருந்தால் திருட்டுப் போகும், மலிவு பிளாஸ்டிக் என்றால் பிள்ளைகள் முறித்துவிடுவார்கள். நடுத்தர விலையில் பிளாஸ்டிக் வாங்கி, மாற்றுக்கு அரை டஜன் அலமாரியில் வையுங்கள்.

கழிப்பறை அடைத்துக்கொள்வதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் கழிப்பறையில் இருக்காது. கை கழுவும் தண்ணீரையும் சமையல் கழிவையும் அதே செப்டிக் தொட்டிக்குள் விட்டிருப்பார்கள். செப்டிக் தொட்டியில் கழிவு அடியில் தங்க, தண்ணீர் ஒரு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும். ஒரே காலையில் நாலாயிரம் லிட்டர் பாய்ந்தால் அடியில் இருப்பதெல்லாம் கிளம்பி உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அதன் பிறகு லாரி கூப்பிட்டு எத்தனை முறை எடுத்தாலும் அடுத்த விசேஷத்தில் பொங்கும். கை கழுவும் தொட்டிக்கும் சமையல்கட்டுக்கும் தனிக் குழாய் போட்டு வெளியே கொண்டு வாருங்கள். சமையல் கழிவு போகும் வழியில் மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு எண்ணெய்த் தடுப்புத் தொட்டி. நடுவில் அடி திறந்த ஒரு தடுப்பு. எண்ணெயும் சோறும் முதல் அறையில் தங்கும், தண்ணீர் மட்டும் அடிவழியாகக் கடக்கும். ஒவ்வொரு விசேஷத்துக்குப் பின்னும் அந்த எண்ணெய் ஏட்டை வழித்தெடுப்பது சுத்தம் செய்பவர் வேலையில் சேர்ந்தது. வரும் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும்.

உறிஞ்சு குழி தோண்டும் முன் மண்ணைப் பாருங்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாலடியில் சுக்காம்பாறை தட்டும். அங்கே ஆழக் குழி தண்ணீர் உறிஞ்சாது. ஆழம் குறைத்து, இருபது அடி நீளத்துக்கு ஜல்லி நிரப்பிய கால்வாயாக எடுக்க வேண்டும். கிணற்றிலிருந்து அறுபதடியாவது தள்ளி.

பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு இரண்டு கழிப்பறை, தனி வாசல்கள், நடுவில் மறைப்பு. கதவுக்கு மரம் வேண்டாம். அடி ஊறி இற்றுவிடும். உள்தாழ்ப்பாள், ஒரு ஆணி, ஒரு மூடி போட்ட குப்பைத் தொட்டி. இந்த மூன்றையும் மதிப்பீட்டில் யாரும் எழுதுவதில்லை.

கூரை

மொட்டை மாடியில் நெல்லும் கொப்பரையும் காயப் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். சருகும் உமியும் அடைத்துத் தண்ணீர் தேங்குவதுதான் பாதி ஒழுகலுக்குக் காரணம். 110 மி.மீ. வடிகுழாய் ஒன்று 400 சதுரடிக்குத் தாங்கும்; 1,200 சதுரடிக் கூடத்துக்கு மூன்று வேண்டும். பல இடங்களில் இருப்பது ஒன்று, அதிலும் ஒரு அரசங்கன்று. வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கைப்பிடிச் சுவரை உடைத்து வேரோடு எடுத்துவிட்டுப் பூச வேண்டும்.

ஒழுகும் இடம் கீழே தெரிவது ஒன்று, மேலே நுழைவது வேறு. வடிகுழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை நாற்பத்தெட்டு மணி நேரம் தேக்கி வைத்து, கீழே ஈரம் எந்த வரிசையில் பரவுகிறது என்று சாக்கட்டியால் குறியுங்கள். பெரும்பாலும் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையாக இருக்கும். பழைய தட்டோட்டுத் தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு தளம் போடச் சொல்லும் கொத்தனாரை அனுப்பிவிடுங்கள். மூன்று அங்குலச் செங்கல் ஜல்லித் தளம் 1,200 சதுரடிக்குப் பதினைந்து டன்னுக்கு மேல் எடை. ஏற்கெனவே கம்பி துருப்பிடித்த கூரைக்கு அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. கீழே காரை உதிர்ந்து கம்பி தெரிந்தால், அது கொத்தனார் முடிவு செய்யும் விஷயமே அல்ல. ஒன்றிய அலுவலகப் பொறியாளரைக் கூப்பிட்டுக் கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

கூரை வேலைக்குக் காலம் மாசி, பங்குனி. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒரு கோடை மழையில் சோதித்துப் பார்க்க அவகாசம் கிடைக்கும். நம் ஊரில் புரட்டாசியில்தான் எல்லோருக்கும் ஒழுகல் ஞாபகம் வரும்.

காற்று, கரண்ட், எதிரொலி

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வாரிக்கொண்டு வரும். சமையல் கொட்டாய் கூடத்துக்கு மேற்கே இருந்தால் புகை முழுக்கப் பந்திக்குள். அடுப்பும் நின்று எரியாது. இடம் மாற்ற முடியாவிட்டால் மேற்குப் பக்கம் ஏழடிக்குச் சுவர் எழுப்பி, கிழக்கைத் திறந்து விடுங்கள். தகரக் கூரையில் ஓரத்துப் போல்ட்டுகளை ஆடிக்கு முன்னால் முறுக்குங்கள். கூரை பறப்பது எப்போதும் ஓரத்திலிருந்துதான்.

மின்சாரத்தில் முதல் செலவு எர்த். சரளை மண்ணிலும் சுக்காங்கல்லிலும் எர்த் நிற்காது. குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச் கட்டாயம். ஈரக் கையோடு கிரைண்டர் போடும் இடம் இது. சீரியல் செட், மைக் செட்காரர்கள் மீட்டர் பெட்டியில் நேரடியாக ஒயர் சொருகுவதால்தான் பலகை கருகுகிறது. அவர்களுக்கென்று வெளியே தனி பிரேக்கரோடு மூன்று பெரிய பிளக் வைத்துவிட்டால் பெட்டியைப் பூட்டிவிடலாம். துணை மீட்டர் ஒன்று வைத்து, முன்னும் பின்னும் அளவு எழுதி, ஓடிய யூனிட்டுக்குப் பணம் வாங்குங்கள்.

மின்விசிறியை எல்லாம் மாற்றச் சொல்லி ஒருவர் வருவார். பன்னிரண்டு பழைய விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 7.2 யூனிட், புது வகை 30 வாட் விசிறி என்றால் 2.9. மிச்சம் 4.3 யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்றாலும் 43 ரூபாய். விசிறிகளுக்கு 36,000 போட்டால் அதை எடுக்க எண்ணூறுக்கும் மேல் விசேஷ நாள் வேண்டும். ஓடுகிற விசிறியைத் தொடாதீர்கள். கெட்டதை மட்டும் புது வகையில் மாற்றுங்கள்.

கூட்டம் போட்டால் பேச்சு புரியவில்லை என்பார்கள். வெறும் சுவர், வெறும் தரை, தட்டையான கூரை. ஒலி திரும்பித் திரும்பி அடிக்கிறது. மைக் சத்தத்தைக் கூட்டினால் இன்னும் கெடும். மேடைக்கு எதிர்ச் சுவரில் மூன்று அங்குலம் விலக்கிக் கம்பி கட்டி பவானி ஜமுக்காளத்தை விரித்துத் தொங்கவிடுங்கள், ஒயருக்கு அருகில் இல்லாமல். தடித்த பருத்தி ஜமுக்காளமாகக் கேட்டு வாங்க வேண்டும். பளபளக்கும் செயற்கைப் பட்டு நூல் ஜமுக்காளம் அந்த அளவுக்கு ஒலியை உறிஞ்சாது.

விசேஷம் இல்லாத நாட்கள்

வருடத்தில் 28 நாள் திறந்தால் அது குடோன்தான். ஆண்கள் உட்கார்ந்து பேச நம் ஊர்களில் பேக்கரி இருக்கிறது. ஒரு டீக்கு ஒரு மணி நேரம் ஓடும். அதோடு கூடம் போட்டி போட வேண்டியதில்லை. வீட்டை விட்டு வெளியே உட்கார இடம் இல்லாதவர்கள் பெண்களும் படிக்கிற பிள்ளைகளும். அவர்களை வைத்துத்தான் வார அட்டவணை போட வேண்டும்.

வள்ளி கும்மி இப்போது கொங்கு முழுக்க மறுபடி ஏறி நிற்கிறது. வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பயிற்சி பெரும்பாலும் இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை, சில மாதம் ஓடி அரங்கேற்றத்தில் முடியும். அதற்கு வேண்டியது கூடத்தின் உள்தளம் அல்ல, முன்வாசல். கல் பொறுக்கிச் சமன் செய்த மண் தரை, இரண்டு 50 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் விளக்கு, குடிதண்ணீர், திறந்த கழிப்பறை. அறுபது பெண்கள் வாரம் நாலு நாள் வந்து போகும் வாசலில் யாரும் மூட்டை அடுக்க மாட்டார்கள். அரங்கேற்றம் முடிந்த மறுவாரம் கூடம் காலியாகிவிடும் என்பதால், அதற்கு முன்பே அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும்: தையல், ஒயிலாட்டம், அடுத்த செட்டுக் கும்மி, எதுவானாலும்.

படிப்பு வேறு இடத்தில், வேறு நேரத்தில். குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அமைதி வேண்டும். கூடத்தின் பக்கத்து அறையில் ஆறு மேசை, மேசைக்கு ஒரு விளக்கு, இரண்டு நாளிதழ். 2006-07இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் ஊரில் பூட்டிக் கிடந்தால் அந்த மேசைகளையும் அலமாரிகளையும் ஊராட்சியிடம் கேட்டுக் கொண்டுவரலாம், பதிவேட்டில் இடமாற்றம் எழுதி. கும்மிப் பாட்டும் படிப்பும் ஒரே மாலையில் வைத்தால் ஒரு வாரத்தில் ஒன்று நின்றுவிடும்; நிற்பது படிப்பாகத்தான் இருக்கும்.

முதல் வருடக் கணக்கை அக்டோபர் 2 கிராம சபையில் வாசியுங்கள்: வந்த வாடகை, கொடுத்த கூலி, உடைந்த நாற்காலி, இருப்பு. அப்போது யாராவது எழுந்து ஏ.சி. போடலாம் என்பார். 1,200 சதுரடிக்குக் குறைந்தது எட்டு டன் ஏ.சி. வேண்டும், மின்பளு ஏறும், நிலைக்கட்டணம் விசேஷம் இல்லாத மாதமும் வரும். அந்தப் பணத்தில் இரண்டாவது தண்ணீர்த் தொட்டியும் பெண்கள் பக்கம் இன்னும் ஒரு கழிப்பறையும் கட்டலாம் என்று சொல்லி, அதையே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.